டர்போவுக்குள் எவ்வளவு எண்ணெய் அழுத்தம்: நேர்க்குழாயா, ரெஸ்ட்ரிக்டரா, ரெகுலேட்டரா?

ஹோண்டா நிறுவனம் தன் பி வரிசை எஞ்சின்களை டர்போவுடன், அதாவது புகை வாயுவால் சுழலும் டர்பைனைக் கொண்டு கம்ப்ரசரை ஓட்டி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவியுடன், ஒருபோதும் விற்றதில்லை. அதனால் பி16ஏ அல்லது பி18சி எஞ்சின் பூட்டிய ஒரு சிவிக் காருக்கு வெளிச்சந்தையில் வாங்கிய டர்போவைப் பொருத்துபவர் மூன்று முடிவுகளைத் தாமே எடுக்க வேண்டியிருக்கிறது: எண்ணெயை எஞ்சினின் எந்த இடத்திலிருந்து எடுப்பது, எந்த அழுத்தத்தில் டர்போவுக்குள் விடுவது, எந்த வழியாகச் சம்புக்கு, அதாவது எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு, திருப்புவது. இக்கட்டுரை முக்கியமாக நடுவில் உள்ள கேள்வியைப் பற்றியது. ஆனால் மற்ற இரண்டில் செய்யும் பிழைகளை அழுத்தத்தைக் குறைத்துச் சரிசெய்ய முயல்வதே இத்துறையில் நான் அதிகம் பார்த்த தவறு என்பதால், அவற்றையும் தொட்டுத்தான் செல்ல வேண்டும்.

முதலில் எஞ்சின் என்ன தருகிறது என்று பார்ப்போம். ஹோண்டாவின் சர்வீஸ் கையேடு, எஞ்சின் சூடான நிலையில், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) குறைந்தது 70 கிலோபாஸ்கல், அதாவது 10 பி.எஸ்.ஐ., அழுத்தமும், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் குறைந்தது 340 கிலோபாஸ்கல், அதாவது 50 பி.எஸ்.ஐ., அழுத்தமும் இருக்க வேண்டும் என்கிறது. இவை கீழ் எல்லைகள் மட்டுமே. சுற்று ஏற ஏற, மிகை அழுத்தத்தை வெளியே விடும், ஆயில் பம்பிலுள்ள ரிலீஃப் வால்வு திறக்கும் வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நல்ல நிலையிலுள்ள ஒரு பி18சி எஞ்சின் 8,000 சுற்றில் 75 பி.எஸ்.ஐ. தருகிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அந்த 75-இல் எவ்வளவை டர்போவின் நுழைவாயில் வரை விடலாம் என்பதே கேள்வி. அதற்கான விடை எஞ்சினைப் பொறுத்தது அல்ல, டர்போவுக்குள் இருக்கும் பேரிங்கைப் பொறுத்தது.

ஹோண்டாக்காரர்கள் அடிக்கடி பொருத்தும் இரண்டு டர்போக்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒன்று ஹோல்செட் எச்எக்ஸ்35. கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கொண்ட டாட்ஜ் ராம் பிக்கப்புகளிலிருந்து கழற்றி, பெட்ரோல் கார்களுக்குக் குடிபெயர்ந்த டர்போ இது. புஷ் என்று பட்டறைகளில் சொல்லப்படும் ஜர்னல் பேரிங் வகையைச் சேர்ந்தது. இன்னொன்று காரெட் ஜிடி2860ஆர்எஸ். இது பால் பேரிங் வகை. ஹோல்செட்டின் கையேடு, எஞ்சின் பளுவில் இருக்கும்போது நுழைவாயிலில் குறைந்தது 210 கிலோபாஸ்கல் (30 பி.எஸ்.ஐ.) வேண்டும் என்றும், ஐடிலில் 70-க்குக் கீழே போகக் கூடாது என்றும், இயங்கும்போது 500 கிலோபாஸ்கல் (72 பி.எஸ்.ஐ.) வரை தாங்கும் என்றும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. காரெட் நிறுவனமோ தன் பால் பேரிங் டர்போக்களுக்கு, எஞ்சினின் உச்சச் சுற்றில் 40 முதல் 45 பி.எஸ்.ஐ. போதும் என்கிறது. ஒரே எஞ்சின், ஒரே பம்ப். ஆயினும் ஒரு டர்போவுக்கு இயல்பாக இருக்கும் அழுத்தம் இன்னொன்றுக்கு மிகை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை என்பதுதான். ஜர்னல் பேரிங்கில் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. எஞ்சினின் கிராங்க் தண்டும் மெயின் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது எவ்வாறோ அவ்வாறே, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ தண்டும் புஷ்ஷும் விலகி நிற்பது இடைவிடாமல் வரும் எண்ணெயால் மட்டுமே. அங்கே அழுத்தமும் வேண்டும், அளவும் வேண்டும். பால் பேரிங்கில் சுமையைக் குண்டுகள் தாங்குகின்றன; எண்ணெய் வழவழப்பும் குளிர்ச்சியும் அதிர்வுத் தணிப்பும் தந்தால் போதும் என்பதால், மிகக் குறைந்த அளவே தேவைப்படுகிறது. தேவைக்கு மேல் வரும் எண்ணெய் வடிந்து போக வழி தேடி, பேரிங்குகள் அமர்ந்திருக்கும் நடு உறையில் தேங்கும்.

அவ்வாறு தேங்கினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, டர்போவின் சீல் பற்றி ஒரு சொல். பலரும் நினைப்பது போல அது ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற ஒரு உலோக வளையம். அதன் முதன்மையான வேலை எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது அல்ல, டர்பைன், கம்ப்ரசர் பக்கங்களிலிருந்து வாயு நடு உறைக்குள் பாயாமல் கட்டுப்படுத்துவதே. எண்ணெய் வெளியேறாமல் இருப்பது, அது தேங்காமல் தன் எடையாலேயே கீழே விழுந்துவிடுகிறது என்பதனால்தான். வயலுக்கு மடையைத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்தால் நீர் வரப்பு மீறுவதைப் போல, வடிகால் போதாத டர்போவில் எண்ணெய் சீலைத் தாண்டிப் புகைபோக்கியில் நீலப் புகையாகத் தெரியும்.

இனி வழிகளை ஒப்பிடலாம்.

எளிய வழி, கட்டுப்பாடு எதுவும் இல்லாத நேர்க்குழாய். ஏ.என். என்னும் ஹோஸ் அளவு முறையில் 4 எண் கொண்ட, அதாவது உள்விட்டம் ஏறத்தாழ 5.6 மி.மீ. உள்ள, உலோகப் பின்னல் போர்த்திய ஒரு ஹோஸை எஞ்சினிலிருந்து டர்போவுக்கு இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஜர்னல் பேரிங் டர்போக்களுக்கு காரெட் நிறுவனமே இதைத்தான் பரிந்துரைக்கிறது; அழுத்தத்தால் கசிவு ஏற்பட்டால் ஒழிய அவற்றுக்கு ரெஸ்ட்ரிக்டர், அதாவது எண்ணெய் வழியைச் சுருக்கும் சிறு துளை, தேவையில்லை என்கிறது. எச்எக்ஸ்35-க்கும் இதுவே என் தேர்வு. எனினும் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும்: நம் எடுத்துக்காட்டிலுள்ள 75 பி.எஸ்.ஐ., ஹோல்செட்டின் 72 என்ற மேல் எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது. ஹோஸிலும் பொருத்திகளிலும் சிறிது அழுத்தம் இழக்கப்படும் என்பதால் நுழைவாயிலில் அது எல்லைக்குள் வந்துவிட வாய்ப்பு அதிகம். ஆனால் பம்பின் ரிலீஃப் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு அழுத்தத்தைக் கூட்டிய எஞ்சின்களில் வராது. பட்டறைகளில் இந்த வாஷர் பழக்கம் அரிதானதல்ல. அத்தகைய எஞ்சினில் ஜர்னல் டர்போவுக்கும் 1.5 மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய துளை ஒன்று தேவைப்படலாம். அந்த அளவிலான துளை உச்சத்தைச் சற்றுத் தட்டி வைக்குமே தவிர, பேரிங்கைப் பட்டினி போடாது.

அடுத்தது நிலையான துளை கொண்ட ரெஸ்ட்ரிக்டர். பால் பேரிங் டர்போக்களுக்குப் பெரும்பாலோர் இதைத்தான் போடுகிறார்கள். காரெட் கூறும் குறைந்தபட்சத் துளை 0.040 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1 மி.மீ. அதே குறிப்பில் அந்நிறுவனம், துளைக்குப் பின்னால் டர்போவுக்குள் நுழையும் அழுத்தத்தை எப்போதும் அளந்து பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. முதல் பாதியைப் படிப்பவர்களில் பலர் இரண்டாம் பாதியைப் படிப்பதில்லை. 1 மி.மீ. என்பது ஒரு தொடக்கப் புள்ளிதான். ஏன் என்பதற்குக் கணக்கு எளிது. துளையும் பேரிங்கும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு தடைகள். நடுவிலுள்ள அழுத்தம், இரண்டில் எது பெரிய தடை என்பதைப் பொறுத்து மேலோ கீழோ நகரும். எஞ்சின் 75 தரும்போது 1 மி.மீ. துளைக்குப் பின் 42 பி.எஸ்.ஐ. கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு, பேரிங்கின் தடை எவ்வகையினது என்பதற்கான இரண்டு எல்லைகளையும் போட்டுப் பார்த்தேன். துளையை 1.2 மி.மீ. ஆக்கினால் அது 51-க்கும் 54-க்கும் இடையில் ஏறுகிறது; 0.8 ஆக்கினால் 26-க்கும் 31-க்கும் இடையில் இறங்குகிறது. ஒரு துரப்பண ஊசியின் விட்டத்தில் 0.2 மி.மீ. வேறுபாடு, டர்போவைப் பாதுகாப்பான எல்லைக்கு மேலும் கீழும் கொண்டு போய்விடுகிறது. விட்டத்தில் சிறியதாகத் தோன்றும் மாற்றம் பரப்பில் இருமடி விகிதத்தில் பெருகுவதே இதன் காரணம்.

ரெஸ்ட்ரிக்டரின் இன்னொரு குணம் வெளியே தெரியாதது. கூர்விளிம்புத் துளை வழியாகப் பாயும் அளவு எண்ணெயின் பிசுக்குமையை (கெட்டித்தன்மையை) அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பேரிங்கின் நுண்ணிய இடைவெளிகளில் பாய்வது பிசுக்குமையைப் பொறுத்தே அமைகிறது. குளிர்ந்த காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது பேரிங்தான் பெரிய தடை, துளை பெயருக்குத்தான் தடை. ஆகவே எஞ்சினின் அழுத்தம் கிட்டத்தட்ட முழுவதும் நுழைவாயிலில் வந்து நிற்கும். கெட்டியான எண்ணெய் குறைவாகவே பாயும் என்பதால் இது பெரும்பாலும் கேடு செய்வதில்லை. ஆனாலும் குளிர்ந்த எஞ்சினில் கேஜ் காட்டும் எண்ணைப் பார்த்துத் துளையைச் சிறிதாக்குபவர், எஞ்சின் சூடான பின் டர்போவைப் பட்டினி போடுகிறார். ஐடிலிலும் இதைப் போன்றதொரு விலை உண்டு: எஞ்சின் 15 பி.எஸ்.ஐ. மட்டும் தரும்போது, நம் 1 மி.மீ. துளைக்குப் பின்னால் 8 முதல் 12 வரைதான் எஞ்சும். பால் பேரிங் இதைப் பொறுக்கும். எச்எக்ஸ்35-இன் ஐடில் எல்லையான 10-க்கு இது ஆபத்தான நெருக்கம் என்பதால்தான், ஜர்னல் டர்போவில் 1 மி.மீ. துளை போடுவதை நான் வேலையில் நேரும் பிழை என்று சொல்லாமல், முதலிலேயே எடுத்த தவறான முடிவு என்கிறேன்.

துளைக்குப் பதிலாகச் சிறிய ஹோஸையே தடையாகப் பயன்படுத்துவோரும் உண்டு. ஏ.என். 3 ஹோஸின் உள்விட்டம் 3.2 மி.மீ. அளவில் இருக்கும். பால் பேரிங் டர்போவுக்குக் குழாயாக இது ஏற்புடையதே. ஆனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியாக இதை நம்புவது எனக்குப் பிடிக்காத வழி. நீண்ட குழாயின் தடை எண்ணெயின் பிசுக்குமையோடு சேர்ந்து ஏறும். விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் மாறும். அதாவது எண்ணெய் உடனே போய்ச் சேர வேண்டிய குளிர்ந்த நேரத்தில்தான் அது மிக அதிகமாகத் தடுக்கும். எஞ்சின் கிளம்பிய 3, 4 வினாடிகளுக்குள் 150 கிலோபாஸ்கல் நுழைவாயிலில் தெரிய வேண்டும் என்ற ஹோல்செட்டின் நிபந்தனையை ஒரு மீட்டர் நீள மெல்லிய ஹோஸ் குளிர்காலத்தில் நிறைவேற்றும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கடைசி வழி, அழுத்தத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டர். டர்போஸ்மார்ட் நிறுவனத்தின் ஓபிஆர் டி40 இவ்வகையில் பரவலாகத் தெரிந்தது. பெயரிலுள்ள 40, அது பிடித்து வைக்கும் அழுத்தத்தைப் பி.எஸ்.ஐ. கணக்கில் குறிக்கிறது. மிகையாக வரும் எண்ணெயை ஒரு தனிக் குழாய் வழியாக அது சம்புக்கே திருப்பி அனுப்புகிறது. இதன் மேன்மை, ரெஸ்ட்ரிக்டர் தவறும் இரண்டு இடங்களிலும் தெரிகிறது: ஐடிலில் அழுத்தம் 40-ஐ எட்டாததால் ரெகுலேட்டர் குறுக்கிடாமல் முழு அழுத்தத்தையும் கொடுக்கிறது; குளிர்ந்த நேரத்தில் எஞ்சினின் அழுத்தம் எகிறினாலும் டர்போவுக்கு 40-ஐ ஒட்டியே விடுகிறது. விலையைத் தவிர்த்துப் பார்த்தாலும் இதற்குக் குறைகள் உண்டு. ஒரு கசிவு வாய்ப்புக்குப் பதில் பல. நகரும் பாகம் ஒன்று. சம்புக்கு இன்னொரு துவாரம். மேலும், திருப்பி அனுப்பப்படும் எண்ணெய் எஞ்சினின் மெயின் பேரிங்குகளுக்குப் போயிருக்க வேண்டியது. 8,000 சுற்றில் இயங்கும் பழைய ஹோண்டாவில் பம்பின் திறனை வீணாக்க எனக்கு மனம் வராது. பந்தயத்துக்காகப் பெரிய பம்ப் போட்டு, உச்சத்தில் 90, 100 என்று ஏறும் எஞ்சினுக்கும், எண்ணெய் வகையை அடிக்கடி மாற்றுபவருக்கும் இது தகும். தெருவில் ஓடும் காருக்கு இது தேவைக்கு மேற்பட்ட ஏற்பாடு.

எந்த வழியைத் தேர்ந்தாலும், எண்ணெயை எங்கே எடுக்கிறோம் என்பது அழுத்தத்தைப் பாதிக்கிறது. பி வரிசையில் ஆயில் பில்டருக்கு அருகில், எண்ணெய் அழுத்த ஸ்விட்ச் இருக்கும் இடமே பொதுவாக நல்லது; வடிகட்டப்பட்ட எண்ணெய், பிளாக்கின் பிரதான வழியிலிருந்து வருகிறது. அந்த மரை எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் வகை, அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் என்பிடி வகைக்கு 27. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டாலும் முதல் சில சுற்றுக்கு அழகாக ஏறும், அதன் பின் இறுக்கினால் அலுமினிய பிளாக் பிளக்கும். இதைத் தவிர்க்க விரும்புவோர் 20 மி.மீ. பில்டர் மரைக்குச் சாண்ட்விச் பிளேட் (பில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் அமர்ந்து எண்ணெய் எடுக்க வாய் தரும் தட்டு) போடலாம். சிலிண்டர் ஹெட்டிலிருந்து எடுப்பதை நான் ஏற்பதில்லை: பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குப் போகும் எண்ணெய் ஏற்கெனவே ஒரு கட்டுப்பாட்டுத் துளை வழியாகத்தான் போகிறது, விடெக் (வேகத்துக்கேற்ப வால்வுத் திறப்பை மாற்றும் ஹோண்டாவின் அமைப்பு) ராக்கர்களைப் பூட்டும் அழுத்தமும் அங்கிருந்துதான் வருகிறது. டர்போவும் அதில் பங்கு கேட்டால் இரண்டுக்கும் குறையும்.

சிறிய துளைக்கு முன்னால் வடிகட்டி வலை போடலாமா என்று கேட்பவர்களுக்கு, சுபாருவின் டர்போ எஞ்சின்களில் பேஞ்சோ போல்ட்டுக்குள் (உள்ளே எண்ணெய் பாயும் துளையுள்ள போல்ட்) இருந்த வலை அழுக்கடைந்து, எண்ணெய் வராமல் டர்போ பாழானதை நினைவூட்ட வேண்டும். வலை போட்டால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் ஒழுக்கமும் வேண்டும். நல்ல ஆயில் பில்டர், குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றம் ஆகிய இரண்டும் இருந்தால் 1 மி.மீ. துளைக்குத் தனி வலை தேவையில்லை.

அளக்கும் முறை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தேர்வு எதுவாயினும் அது அளவில்தான் உறுதிப்படுகிறது. 0 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காட்டும் இயந்திரக் கேஜ் ஒன்றை, ரெஸ்ட்ரிக்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் டீ வடிவப் பொருத்தி மூலம் இணைக்க வேண்டும். டாஷ்போர்டிலுள்ள கேஜ் பிளாக்கின் அழுத்தத்தைக் காட்டுவது. அதைப் பார்த்து டர்போவின் அழுத்தத்தை ஊகிக்கக் கூடாது. எண்ணெயின் வெப்பம் 90 பாகையைத் தாண்டிய பிறகு, ஐடில், 3,000 சுற்று, உச்சச் சுற்று ஆகிய மூன்றிலும் எழுதிக்கொள்ள வேண்டும். குளிர்காற்றும் தண்ணீரின் வெப்பமும் ஏமாற்றும். தண்ணீர் சூடாகி வெகுநேரம் கழித்துத்தான் எண்ணெய் சூடாகும். பால் பேரிங்குக்கு உச்சத்தில் 40 முதல் 45-க்குள் வந்தால் துளை சரி. 50-ஐத் தாண்டினால் சிறிய துளைக்கு மாறலாம், ஆனால் 1 மி.மீ.-க்குக் கீழே இறங்கும் முன், பம்ப் ரிலீஃபையும் எண்ணெயின் வகையையும் சோதிப்பது முறை. டர்போ வாங்கியவுடனேயே நுழைவாயிலுக்குள் எட்டிப் பார்ப்பதும் நல்லது: சில பால் பேரிங் டர்போக்களில் துளை உள்ளேயே அமைந்து வருகிறது, அதன் மேல் இன்னொன்று போட்டால் இரட்டைத் தடை.

இவ்வளவுக்கும் பிறகும் புகை வந்தால், கை ரெஸ்ட்ரிக்டர் பக்கம் போவதற்கு முன் கண் வடிகால் பக்கம் போக வேண்டும். திரும்பும் குழாய் ஏ.என். 10-க்குக் குறையாமல், டர்போவின் எண்ணெய் வடியும் வாய் செங்குத்திலிருந்து 35 பாகைக்கு மேல் சாயாமல், வழியில் எங்கும் மேலேறாமல், சம்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேல் இறங்க வேண்டும். பி வரிசையில் இதற்குத் தொழிற்சாலை விட்ட வாய் எதுவும் இல்லாததால் சம்பைக் கழற்றித் துவாரமிட்டுப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. வேலையைச் சுருக்கக் கீழே துவாரமிடுவோர் எண்ணெய் மட்டத்துக்குள்ளேயே வடிகாலைப் புதைத்துவிடுகிறார்கள். கிராங்க் கேஸ் காற்றோட்டமும் இதில் சேர்த்தி: பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால், சம்பிலுள்ள அழுத்தம் வடியும் எண்ணெயை மேலே தள்ளும். நானே ஒரு முறை 0.8 மி.மீ. துளை போட்டுப் புகையை நிறுத்தியதாக மகிழ்ந்தேன். புகை நின்றது உண்மை, எண்ணெய் குறைவாகப் போனதால் நின்றது. குற்றவாளி, சப்ஃபிரேமைச் சுற்றி ஒரு விரற்கடை மேலேறி இறங்கிய ரிட்டன் ஹோஸ் என்று பின்னர்தான் தெரிந்தது.

ஆகவே, கையில் எச்எக்ஸ்35 இருப்பவர் ஏ.என். 4 நேர்க்குழாயைப் போட்டு, உச்சத்தில் 72-ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் அளக்கட்டும். ஜிடி2860ஆர்எஸ் வைத்திருப்பவர் ஏ.என். 4 அல்லது 3 குழாயில் 1 மி.மீ. ரெஸ்ட்ரிக்டரில் தொடங்கி, கேஜ் சொல்வதற்கேற்ப மேலே நகரட்டும். உச்சத்தில் எஞ்சின் 90-க்கு மேல் தருகிறது என்றால், அல்லது கோடையில் 10டபிள்யூ-40, குளிர்காலத்தில் 5டபிள்யூ-30 என்று எண்ணெயை மாற்றுகிறார் என்றால், அப்போது ரெகுலேட்டரின் செலவை யோசிக்கலாம். ரெகுலேட்டர் இல்லாமல் எண்ணெய் வகையை மாற்றுபவர், மாற்றிய முதல் வாரத்தில் அந்த டீ பொருத்தியில் கேஜை மீண்டும் மாட்டி, சூடான எஞ்சினில் மூன்று எண்களையும் எழுதிப் பழைய எண்களுக்கு அருகில் ஒட்டி வைக்க வேண்டும். அதற்காகவே டீயைக் கழற்றாமல், மரையை அடைக்கும் ஒரு பிளக்குடன் அங்கேயே விட்டுவிடுவது வழக்கம்.